படையை வாபஸ் வாங்குற செலவு யார் தலையில? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: வெளிநாட்டுல இருக்குற படையை திருப்பிக் கூப்பிட்டா செலவு குறையத்தானே செய்யணும்? ஆனா எந்த நாட்டு பார்லிமெண்ட்ல இந்தப் பேச்சு வந்தாலும் "வாபஸ் வாங்கவே இத்தனை கோடி ஆகும்"னுதான் மந்திரிங்க ஆரம்பிக்கிறாங்க. இது தட்டிக்கழிக்க சொல்ற சாக்கா, இல்ல நிஜமாவே அவ்ளோ ஆகுமா சார்?

பதில்: நிஜமாவே ஆகும்ங்க. முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், சிப்பாயை ஊருக்குக் கூப்பிட்டுட்டா அவர் சம்பளம் நின்னுபோறது இல்ல. அந்த ரெஜிமெண்டையே கலைச்சாத்தான் சம்பளம் மிச்சம், மத்தபடி அவர் எங்க இருந்தாலும் அதே சம்பளம்தான், அவர் குடும்பத்துக்கு வீடு வேணும், பிள்ளைங்களுக்கு ஸ்கூல் வேணும், டேங்க் ஓட்டிப் பழக மைதானம் வேணும், அதெல்லாம் வெளிநாட்டுல ஏற்கனவே கட்டி வச்சிருப்பாங்க, உள்நாட்டுல புதுசா கட்டணும்.

பிரிட்டனையே எடுத்துக்குங்க. 2010 அக்டோபர்ல ஜெர்மனில இருந்த சுமார் 20,000 வீரர்கள்ல பாதிப்பேரை 2015-க்குள்ள, மீதிப்பேரை 2020-க்குள்ள கொண்டுவர்றோம்னு கேமரூன் அரசாங்கம் அறிவிச்சுது. அறிவிச்சப்ப இது சிக்கன நடவடிக்கை. ஆனா 2013 மார்ச்ல பாதுகாப்பு மந்திரி பிலிப் ஹாமண்ட் பார்லிமெண்ட்ல முழுத் திட்டத்தையும் வச்சப்ப அதுல 180 கோடி பவுண்டு முதலீடு இருந்துச்சு, அதுல 100 கோடி வீட்டு வசதிக்கு மட்டும், 1,900 குடும்ப வீடு, கல்யாணமாகாத வீரர்களுக்கு 7,800 இடம். இதுக்குப் பதிலா வருஷத்துக்கு 24 கோடி பவுண்டு மிச்சமாகும்னு சொன்னாங்க. வகுத்துப் பாருங்க, போட்ட காசு திரும்பி வரவே ஏழரை வருஷம். அந்த முதலீடு ஜெர்மனிப் படைக்கு மட்டும் இல்ல, மொத்த ராணுவத்தையும் இடம் மாத்தி அமைக்கிறதுக்கும் சேர்த்துத்தான், அதனால இந்த வகுத்தல் தோராயம்தான், ஆனாலும் எவ்ளோ நாள் காத்திருக்கணும்னு ஒரு அளவு கிடைக்குது.

அதனால செலவு பொய் இல்ல. ஆனா நான் எப்பவும் பாக்குறது அந்தத் தொகையை இல்ல, அந்தத் தொகைக்குள்ள யாரோட செலவெல்லாம் சேர்த்திருக்காங்க, யாரோடதை வெளில விட்டிருக்காங்கன்னுதான். கருவூலம் ஒரு கணக்கு போடும், ராணுவ அமைச்சகம் ஒரு கணக்கு போடும், படை இருந்த ஊர்ல இருக்குறவங்க கணக்கை யாரும் போடமாட்டாங்க. கீழ வர்ற எல்லாக் கேள்விலயும் இதேதான் திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: 1968-ல பிரிட்டன் "சூயஸுக்குக் கிழக்க இனி எங்க படை இல்ல"ன்னு முடிவெடுத்தாங்களே, அதைக் கொஞ்சம் விரிவா சொல்லுங்க. காசு இல்லாமதான் போனாங்களா?

பதில்: சூயஸுக்குக் கிழக்கன்னா சூயஸ் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்குற வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா மாதிரி இடங்க. இதை விரிவாவே சொல்றேன், ஏன்னா படை வாபஸ் செலவு பத்தி ஒரு அரசாங்கம் தனக்குள்ளயே எப்படிச் சண்டை போட்டுக்கும்ங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1964 அக்டோபர்ல ஹரால்டு வில்சன் தலைமைல லேபர் கட்சி ஆட்சிக்கு வருது. வந்ததும் பாத்தா வெளிநாட்டு வரவு செலவுல சுமார் 80 கோடி பவுண்டு துண்டு விழுது. பாதுகாப்புச் செலவு 1964 விலைவாசிப்படி 200 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாதுன்னு ஒரு உச்சவரம்பு வைக்கிறாங்க. அதுக்குள்ள அடக்கணும்னா ஏதாவது ஒண்ணை வெட்டணும், பாதுகாப்பு மந்திரி டெனிஸ் ஹீலி 1966 பிப்ரவரில புது விமானந்தாங்கிக் கப்பல் திட்டத்தை ரத்து பண்றார், இப்ப ஏமன்ல இருக்குற ஏடன் துறைமுகத் தளத்தை விட்டுப் போறோம்னு சொல்றார். கடற்படைக்கான மந்திரி கிறிஸ்டோபர் மேஹ்யூவும் கடற்படைத் தளபதி டேவிட் லூஸும் ராஜினாமா பண்ணிட்டாங்க. மேஹ்யூ கேட்டது நியாயமான கேள்வி, பொறுப்பை அப்படியே வச்சுக்கிட்டு அதுக்கான கருவியை மட்டும் வெட்டினா எப்படி, ஒண்ணு காசு குடுங்க இல்ல வேலையைக் குறைங்கன்னு.

அப்பவும் சிங்கப்பூர், மலேசியாவை விடுற எண்ணம் இல்ல. இந்தோனேசியாவோட மோதல் நடந்துக்கிட்டிருந்துச்சு, பல பத்தாயிரம் பேர் அங்க இருந்தாங்க. 1966 ஆகஸ்ட்ல அந்த மோதல் முடிஞ்சதும்தான் கதவு திறந்துச்சு. 1967 ஜூலைல, 1970-71-க்குள்ள பாதி, 1970-களோட நடுவுல மீதின்னு அறிவிச்சாங்க. நிதானமான திட்டம்தான். சிங்கப்பூருக்கு மூச்சு விட நேரம் இருந்துச்சு.

ஆனா 1967 நவம்பர் 18-ம் தேதி பவுண்டோட மதிப்பை 2.80 டாலர்லருந்து 2.40 டாலருக்கு இறக்கவேண்டியதாப் போச்சு. நிதி மந்திரி கலகன் விலகினார், ராய் ஜென்கின்ஸ் வந்தார். ஜென்கின்ஸ் கேட்டது எல்லா இலாகாலயும் வெட்டு. 1968 ஜனவரில கேபினட் கிட்டத்தட்ட ரெண்டு வாரத்துல எட்டு தடவை கூடுச்சு. சூயஸுக்குக் கிழக்க இருக்குறது, பாரசீக வளைகுடாவுல இருக்குறது, அமெரிக்காகிட்ட ஆர்டர் குடுத்திருந்த 50 எஃப்-111 விமானம், எல்லாமே மேசைக்கு வந்துச்சு. வெளியுறவு மந்திரி ஜார்ஜ் பிரவுன் வாஷிங்டன் போய் அமெரிக்க வெளியுறவு மந்திரி டீன் ரஸ்கைப் பாத்தார், வியட்நாம்ல மாட்டிக்கிட்டிருந்த அமெரிக்கா கொதிச்சுப்போய் இருந்துச்சு. சிங்கப்பூர் பிரதமர் லீ குவான் யூ லண்டனுக்கே பறந்து வந்தார். கேபினட் மனசுல வச்சிருந்த தேதி 1971 மார்ச் கடைசி, லீ வாதாடி வாங்கினது ஒன்பது மாசம். ஜனவரி 16-ம் தேதி வில்சன் பார்லிமெண்ட்ல அறிவிச்சப்ப அது 1971 டிசம்பர் கடைசின்னு ஆயிருந்துச்சு.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன், காசு இல்லாமதான் போனாங்களா? பாதி சரி. அதே அறிவிப்புல வேற என்னென்ன இருந்துச்சுன்னு பாருங்க. இலவசமா இருந்த மருந்துச்சீட்டுக்குத் திரும்ப கட்டணம், பள்ளிப்படிப்பை 16 வயசு வரைக்கும் கட்டாயமாக்குறது ரெண்டு வருஷம் தள்ளிவைப்பு, வீடு கட்டுற திட்டத்துல குறைப்பு. பள்ளி விஷயத்துக்காக லாங்ஃபோர்டு பிரபு கேபினட்டை விட்டே போனார். லேபர் கட்சிக்காரங்ககிட்ட போய் மருந்துக்குக் காசு வாங்கப்போறோம், பிள்ளைங்க படிப்பைத் தள்ளிவைக்கப்போறோம், ஆனா சிங்கப்பூர்ல படை அப்படியே இருக்கும்னு சொன்னா ஆட்சியே தாங்காது. அதனால படை வாபஸ்ங்கறது ஒரு ஈடு, உள்ள வெட்டுறதுக்குச் சமமா வெளிலயும் வெட்டுறோம்னு காட்டுறதுக்கு.

ஏன் இவ்ளோ உறுதியா சொல்றேன்னா, வாபஸ்னால வர்ற மிச்சம் அடுத்த ரெண்டு வருஷத்துல பெரிசா ஒண்ணும் வராதுன்னு மேசைல உக்காந்திருந்த எல்லாருக்கும் தெரியும். மூட்டை கட்டி, கப்பல் ஏத்தி, உள்ளூர் ஆளுங்களுக்கு நஷ்டஈடு குடுத்து, இங்க வந்து பாசறை கட்டுற வரைக்கும் செலவு ஏறத்தான் செய்யும், பலன் 1971-க்கு அப்புறம். 1968-69 பட்ஜெட் ஓட்டையை அது அடைக்காது. அப்படியிருந்தும் அவசரம் பண்ணாங்க. நிதானமா 1970-களோட நடுவுல போயிருந்தா எத்தனையோ பேர் வாழ்க்கை கவுந்திருக்காது, அந்த அவசரத்துக்கு ராணுவக் காரணமே கிடையாது, இது என் திடமான அபிப்பிராயம்.

கேள்வி: எகனாமிக்ஸ் படிக்கிறேன். இந்த விவாதத்துல மொத்தச் செலவைவிட "அந்நியச் செலாவணிச் செலவு"ன்னு ஒண்ணை ரொம்பப் பேசுறாங்களே, அது ஏன்?

பதில்: நல்ல கேள்வி, இது புரியாம அந்தக் கால விவாதமே புரியாது. பிரிட்டன்ல இருக்குற சிப்பாய் செலவழிக்கிற பவுண்டு பிரிட்டன்லயே சுத்தும். ஜெர்மனில இருக்குற பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அந்த நாட்டுக் காசான மார்க் வேணும், அவர் அங்க கடைல செலவழிக்கிறது, உள்ளூர் தொழிலாளிக்குக் குடுக்குற கூலி, எல்லாத்துக்கும் பவுண்டைக் குடுத்து மார்க் வாங்கணும். வெளிவர்த்தகத்துல ஏற்கனவே துண்டு விழுற நாட்டுக்கு இது ரத்தம் கசியற மாதிரி. மொத்தச் செலவு ஒண்ணா இருந்தாலும், எந்தக் காசுல அந்தச் செலவுங்கறது தலையெழுத்தை மாத்திடும்.

அதுக்குத்தான் மேற்கு ஜெர்மனியோட ஈடுகட்டும் ஒப்பந்தங்கள் போட்டாங்க. உங்களைப் பாதுகாக்கத்தானே இருக்கோம், நாங்க இங்க கொட்டுற மார்க்குக்குச் சமமா எங்ககிட்ட சாமான் வாங்குங்கன்னு. ஜெர்மனி முழுசா வாங்கமாட்டேங்குது, பிரிட்டன் அப்ப படையைக் குறைச்சிருவோம்ங்குது. 1966-67-ல இது முத்திப்போய் அமெரிக்கா, பிரிட்டன், மேற்கு ஜெர்மனி மூணும் சேர்ந்து உக்காந்தாங்க, அமெரிக்கா சார்புல ஜான் மெக்லாய். பிரிட்டிஷ் படை உடனே போயிடக் கூடாதுங்கறதுக்காக அமெரிக்காவே பிரிட்டன்ல 3.5 கோடி டாலருக்கு சாமான் வாங்குறதா ஒத்துக்குச்சு. யோசிச்சுப் பாருங்க, மூணாவது நாடு காசு குடுத்து ஒரு படையைக் கிளம்பிப் போகாம நிறுத்துது.

அமெரிக்காவுலயும் இதே கோபம் இருந்துச்சு. ஐரோப்பால இருந்த மூணு லட்சம் அமெரிக்க வீரர்களைப் பாதியாக் குறைக்கணும்னு செனட்டர் மைக் மான்ஸ்ஃபீல்டு 1971 மே மாசம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார், 36-க்கு 61 ஓட்டுல தோத்துப்போச்சு. அப்பவும் டாலர் நெருக்கடிதான் பின்னணி.

கேள்வி: வளைகுடா ஷேக்குகள் நாங்களே செலவைக் குடுக்குறோம், போகாதீங்கன்னு சொன்னாங்களாமே. அப்புறமும் ஏன் போனாங்க?

பதில்: சொன்னாங்க. அதுக்கு முன்னாடி நடந்தது ரொம்பத் தப்பு. 1967 நவம்பர்ல வெளியுறவு இணை மந்திரி கொரோன்வி ராபர்ட்ஸ் வளைகுடா ஆட்சியாளர்களைப் பாத்து நாங்க இருப்போம்னு உறுதி சொல்லிட்டு வந்தார். ரெண்டு மாசம் கழிச்சு 1968 ஜனவரில அதே ஆளை அனுப்பி நாங்க போறோம்னு சொல்லவச்சாங்க. அங்க வருஷச் செலவா சொல்லப்பட்டது சுமார் 1.2 கோடி பவுண்டு, பிரிட்டனோட பட்ஜெட்டுல அது கண்ணுக்கே தெரியாத தொகை. அபுதாபி ஷேக் சாயித் செலவை ஏத்துக்குறேன்னார். ஹீலி டிவி பேட்டில, ஷேக்குகளுக்குக் கூலிக்குப் படை அனுப்புற ஆளா இருக்க எனக்கு இஷ்டமில்லன்னு அர்த்தம் வர்ற மாதிரி அசிங்கமா ஒரு வார்த்தை விட்டுட்டு அப்புறம் மன்னிப்பு கேட்டார்.

வார்த்தை தப்பு, ஆனா உள்ள இருந்த விஷயத்தை நான் ஒத்துக்குவேன். அடுத்தவன் காசுல ஒரு படை நிக்குதுன்னா அந்தப் படை எப்ப சுடணும் எப்ப சுடக் கூடாதுன்னு யார் முடிவெடுக்கிறதுங்கற கேள்வி வந்துரும். ஒரு ஆட்சியாளருக்கு எதிரா அவர் ஜனங்களே எழுந்தா என்ன பண்ணுவீங்க? அதோட வளைகுடாவுக்கு மட்டும் படை வச்சிருக்க முடியாது, பின்னாடி கப்பல், விமானம், ரிசர்வ் எல்லாம் வேணும், அதெல்லாம் அந்த 1.2 கோடில வராது. 1971-ல பஹ்ரைன், கத்தார் தனித்தனியா சுதந்திரம் ஆச்சு, டிசம்பர் 2-ம் தேதி ஐக்கிய அரபு அமீரகம் உருவாச்சு.

இதுக்கு நேர் எதிரா மால்டா. அங்க 1971-ல பிரதமரான டாம் மின்டாஃப் இருக்கணும்னா வாடகை குடுன்னு கேட்டார், 1972 மார்ச்ல வருஷத்துக்கு 1.4 கோடி பவுண்டுன்னு முடிஞ்சுது, நேட்டோ நாடுகளும் பங்கு போட்டுக்கிட்டாங்க. 1979 மார்ச் 31-ம் தேதி பிரிட்டிஷ் படை கிளம்பிடுச்சு.

கேள்வி: எங்க தாத்தா சிங்கப்பூர்ல நேவல் பேஸ்ல வேலை பாத்தவர், வெள்ளைக்காரன் போனப்ப வேலை போச்சுன்னு சொல்வார். அந்தத் தொழிலாளிங்களுக்கு என்ன ஆச்சு? லண்டன் கணக்குல அவங்க இருந்தாங்களா?

பதில்: உங்க கடிதத்துக்காகத்தான் இந்த இதழ்ல இந்த விஷயத்தையே எடுத்தேன்.

செம்பவாங் கடற்படைத் தளம், சாங்கி, செலேத்தார், தெங்கா விமானத் தளங்கள், இதையெல்லாம் வெறும் ராணுவ இடமா பாக்கக் கூடாது, அது ஒரு பொருளாதாரம். பிரிட்டிஷ் ராணுவச் செலவு மட்டும் சிங்கப்பூரோட தேசிய வருமானத்துல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு. நேரடியா 30,000 பேருக்கு மேல வேலை, அதுபோக அதிகாரிங்க வீட்டுல சமைக்க, துவைக்க, பிள்ளை பாத்துக்கன்னு சுமார் 10,000 பேர். மொத்த ஜனத்தொகையே அப்ப ரெண்டு மில்லியன்தான், 1965-ல மலேசியாவுலருந்து பிரிஞ்சு தனியா நின்ன புது நாடு. டாக்யார்டுல தமிழரும் மலையாளிகளும் எவ்ளோ பேர் இருந்தாங்கங்கறது அங்க இருக்குற குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்ல. அப்பா பாத்த வேலைக்குப் பிள்ளை, அண்ணன் சொல்லி தம்பி, இப்படி வளர்ந்த இடம் அது.

லண்டன் கணக்குல அவங்க இருந்தாங்களான்னா, நஷ்டஈடு, உதவித்தொகைன்னு ஒரு வரியா இருந்தாங்க. சிங்கப்பூருக்கு 5 கோடி பவுண்டு உதவின்னு முடிவாச்சு, அதுல கால்பங்குதான் மானியம், முக்கால்பங்கு கடன். மலேசியாவுக்கு 2.5 கோடி. ஒரு நாட்டோட வருமானத்துல அஞ்சுல ஒண்ணை நாலு வருஷத்துக்குள்ள எடுத்துட்டு அதுக்குப் பதிலா முக்காவாசி கடன் குடுக்குறதை உதவின்னு சொல்ல எனக்கு மனசு வரல. அப்படியும் அந்த 5 கோடியை வாங்கவே லீயும் அவர் மந்திரி கோ கெங் சுவீயும் போராடவேண்டியிருந்துச்சு.

சிங்கப்பூர் அரசாங்கம் பண்ணதை பாராட்டாம இருக்க முடியாது. 1968 பிப்ரவரில தளங்களை மாத்திப் பயன்படுத்துறதுக்குன்னே ஒரு தனித்துறை ஆரம்பிச்சாங்க. டாக்யார்டை அடையாளத்துக்கு ஒரு டாலர் விலையில வாங்கி செம்பவாங் ஷிப்யார்டா மாத்தினாங்க, நடத்துறதுக்கு ஸ்வான் ஹன்டர்ங்கற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியைக் கூப்பிட்டாங்க, போர்க்கப்பல் ரிப்பேர் பண்ண அதே கைகள் சரக்குக் கப்பலை ரிப்பேர் பண்ண ஆரம்பிச்சுது. கப்பல் தொழில் நல்லா இருந்த காலம், அது அதிர்ஷ்டமும்கூட. சாங்கில 1981-ல புது விமான நிலையம் வந்துச்சு. பிளாக்காங் மாத்தி தீவுல இருந்த முகாம் செந்தோசாங்கற சுற்றுலாத் தீவாச்சு.

இதை வெற்றிக் கதையா மட்டும் சொல்றவங்க நிறைய. நாட்டுக்கு வெற்றிதான். ஆனா 45 வயசு ஸ்டோர் கிளார்க்குக்கு, வீட்டு வேலை பாத்த அம்மாவுக்கு, கேம்ப் வாசல்ல தையல்கடை வச்சிருந்தவருக்கு அது அவ்ளோ சுலபமா இல்ல. குடியுரிமை இல்லாத ஆளுங்க பாடு இன்னும் மோசம், வேலை போனதும் அங்க இருக்க வழி இல்லாம நிறைய பேர் கைல கிடைச்ச பணத்தோட இந்தியா திரும்புனாங்க. சிலர் 20 வருஷம், 30 வருஷம் அங்கயே இருந்தவங்க, பிள்ளைங்க அங்க பிறந்தவங்க. லண்டன்ல அந்த எட்டு கேபினட் கூட்டத்துல எஃப்-111 விமானத்துக்கு எவ்ளோ நேரம் ஒதுக்கினாங்களோ அதுல ஒரு பங்காவது இவங்களுக்கு ஒதுக்கியிருக்கணும்.

உங்க தாத்தாகிட்ட பழைய வேலை அட்டை, டிஸ்சார்ஜ் பேப்பர், போட்டோ ஏதாவது இருந்தா பத்திரப்படுத்துங்க, அவர் பேசுறதை போன்ல ரெக்கார்ட் பண்ணி வைங்க. அரசாங்க ஃபைல் எல்லாம் ஆர்க்கைவ்ஸ்ல பத்திரமா இருக்கு, இவங்க பக்கத்துக் கதைதான் வீட்டுக்கு வீடு தனித்தனியா கிடந்து அழியுது.

கேள்வி: காசு வாங்கிக்கிட்டு படையை வாபஸ் வாங்குன நாடு உண்டா?

பதில்: சோவியத் யூனியன். 1990-ல ஜெர்மனி ஒண்ணு சேர்றதுக்கு முன்னாடி கிழக்கு ஜெர்மனில மூணே கால் லட்சத்துக்கு மேல சோவியத் வீரர்கள், கூடவே குடும்பம். செப்டம்பர்ல மேற்கு ஜெர்மனித் தலைவர் ஹெல்முட் கோலும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் போன்லயே பேரம் பேசினாங்க. கோல் 800 கோடி மார்க்னு ஆரம்பிச்சார், கோர்பச்சேவ் அது பத்தவே பத்தாதுன்னார், கடைசில 1,200 கோடி மார்க்கும், வட்டியில்லாக் கடனா 300 கோடியும்னு முடிஞ்சுது. அதுல 780 கோடி, திரும்பிப் போற வீரர்களுக்கு வீடு கட்ட. இதைத்தான் நான் முதல் பதில்லயே சொன்னேன், வாபஸ்னா முதல்ல வீடு. மூட்டை முடிச்சோட போற அதிகாரிக்கு ரஷ்யால தங்க இடம் இல்லன்னா அவர் எங்க போவார், கோபத்தோட இருக்குற ஒரு ராணுவம் யாருக்கும் நல்லது இல்லன்னு கோலுக்கு நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு. அந்தக் காசு வீண்னு அப்ப ஜெர்மனில சிலர் பேசினாங்க, என்னைக் கேட்டா ஜெர்மனி செலவழிச்சதுலயே உருப்படியான காசு அது. 1992 டிசம்பர்ல இன்னொரு 55 கோடி மார்க் சேர்த்துக் குடுத்து நாலு மாசம் முன்னாடியே முடிக்க யெல்ட்சின் ஒத்துக்கிட்டார், 1994 ஆகஸ்ட் 31-ம் தேதி கடைசிப் படையும் போயிடுச்சு.

கேள்வி: படை போன அப்புறம் அந்த நிலத்தை யார் சுத்தம் பண்றது?

பதில்: பெரும்பாலும் அந்த ஊர்க்காரங்கதான், இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். கொட்டின எண்ணெய், புதைச்ச வெடி, ரசாயனம், இதெல்லாம் வாபஸ் செலவு விவாதத்துல கடைசில வரும், இல்ல வரவே வராது. மேல சொன்ன 1992 பேச்சுவார்த்தையிலேயே ரஷ்யா நாங்க கட்டின கட்டடத்துக்கு விலை குடுன்னுச்சு, ஜெர்மனி நீங்க நாசம் பண்ண நிலத்துக்கு நஷ்டஈடு குடுன்னுச்சு, ரெண்டும் சரிக்குச் சரின்னு விட்டுட்டாங்க, சுத்தம் பண்றது ஜெர்மனி தலையில விழுந்துச்சு. ஜெர்மனி பணக்கார நாடு, சமாளிச்சாங்க.

பிலிப்பைன்ஸ் என்ன பண்ணும்? 1991 ஜூன்ல பினாடுபோ எரிமலை வெடிச்சதுல கிளார்க் விமானத் தளத்தை அமெரிக்கா கைவிட்டுது. சூபிக் கடற்படைத் தளத்துக்கு வருஷம் 20.3 கோடி டாலர்னு பேரம் நடந்துச்சு, செப்டம்பர் 16-ம் தேதி அந்நாட்டு செனட் 12-க்கு 11 ஓட்டுல ஒப்பந்தத்தை நிராகரிச்சுது. 1992 நவம்பர்ல அமெரிக்கா கிளம்பிடுச்சு. பழைய ஒப்பந்தத்துல நிலத்தை சுத்தம் பண்ணித் திருப்பித் தரணும்னு ஷரத்தே இல்ல, அதனால சட்டப்படி கடமை இல்லன்னு சொல்லிட்டாங்க. ஜப்பானோட 1960 ஒப்பந்தத்துலயும் அதேதான், பழைய நிலைக்குக் கொண்டுவர்ற பொறுப்பு அமெரிக்காவுக்குக் கிடையாது. எந்த நாடாவது தன் மண்ணுல அந்நியப் படைக்கு இடம் குடுக்குதுன்னா, உள்ள வர்ற அன்னிக்கே இந்த ஷரத்தை எழுதி வாங்கணும், போறப்ப கேட்டா கிடைக்காது.

கேள்வி: ஒகினாவாவுலருந்து அமெரிக்கப் படை குவாமுக்குப் போகுதுன்னு பல வருஷமா கேள்விப்படுறேன், போயிடுச்சா?

பதில்: இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. 2006-ல போட்ட திட்டப்படி 8,000 மரைன் வீரர்கள் ஜப்பானோட ஒகினாவா தீவுலருந்து அமெரிக்காவோட குவாம் தீவுக்கு 2014-க்குள்ள போகணும், செலவு 1,027 கோடி டாலர், அதுல ஜப்பான் பங்கு 609 கோடி. தன் மண்ணுல இருந்து படை போறதுக்கு ஜப்பானே பெரும்பங்கு குடுக்குது. குவாம்ல தண்ணி, ரோடு, துறைமுகம் எதுவும் தாங்காதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. 2011-ல செனட்டர்கள் லெவின், மெக்கெய்ன், வெப் மூணு பேரும் இது நடைமுறைக்கு ஒத்துவராது, கட்டுப்படியாகாதுன்னு எதிர்த்தாங்க. 2012-ல திட்டத்தைச் சுருக்கி 860 கோடின்னாங்க. 2024 டிசம்பர்ல முதல் தவணையா போனது சுமார் 100 பேர். எத்தனை வருஷமா ஒகினாவா ஜனங்க காத்திருக்காங்கன்னு நினைச்சா மனசு கனத்துப்போகுது.

கேள்வி: இந்திய அமைதிப்படை வாபஸ் ஆனப்பவும் இப்படி செலவு விவாதம் நடந்துச்சா?

பதில்: செலவு பேசப்பட்டுச்சு, ஆனா முடிவு அதுனால வரல. 1987 ஜூலைல ராஜீவ், ஜெயவர்த்தனே ஒப்பந்தத்துக்கு அப்புறம் போன படை, 1989-ல பிரேமதாசா வெளியேறச் சொன்னார், டெல்லில வி.பி. சிங் அரசாங்கம் வந்துச்சு, 1990 மார்ச் 24-ம் தேதி கடைசி வீரர்கள் திருகோணமலைலருந்து கிளம்பினாங்க. ஆயிரத்துக்கு மேல இந்திய வீரர்கள் செத்தாங்க, அங்க எத்தனையோ தமிழ் ஜனங்க செத்தாங்க. அப்ப முதல்வரா இருந்த கருணாநிதி சென்னைல வரவேற்புக்குப் போகல. இதுல பணக்கணக்கை முன்னாடி வச்சுப் பேச எனக்கு மனசு இல்ல.

கேள்வி: டிரம்ப் ஜெர்மனில இருந்து படையைக் குறைக்கிறேன்னு சொன்னது என்ன ஆச்சு?

பதில்: 2020 ஜூலைல அறிவிச்சாங்க, சுமார் 11,900 பேர், அதுல ஏறக்குறைய 6,400 பேர் அமெரிக்காவுக்கு, மீதிப்பேர் ஐரோப்பாலயே வேற நாட்டுக்கு. ஜெர்மனி போதுமான அளவு ராணுவச் செலவு பண்ணலங்கறது டிரம்ப் சொன்ன காரணம். ஆனா பாதுகாப்பு மந்திரி எஸ்பர்கிட்ட இந்த இடமாற்றத்துக்கு எவ்ளோ ஆகும்னு கேட்டப்ப பல நூறு கோடி டாலர்னு அவரே சொன்னார். அமெரிக்க காங்கிரஸ் கட்டுப்பாடு போட்டுது, 2021 பிப்ரவரில பைடன் நிறுத்தி வச்சார்.

கேள்வி: கடைசியா ஒண்ணு. 1971-க்கு அப்புறம் சிங்கப்பூர்ல பிரிட்டிஷ் ஆளுங்க ஒருத்தர்கூட இல்லையா?

பதில்: இருந்தாங்க, இப்பவும் இருக்காங்க. 1970 ஜூன்ல எட்வர்ட் ஹீத் ஆட்சிக்கு வந்து முழு வாபஸை மாத்தி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோட சேர்ந்து ஒரு சின்னப் படையை விட்டு வச்சார், 1971 நவம்பர் 1-ம் தேதி அஞ்சு நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு நடைமுறைக்கு வந்துச்சு. அதுலருந்த பிரிட்டிஷ் வீரர்களும் 1970-களோட நடுவுல போயிட்டாங்க. ஆனா செம்பவாங் துறைமுகத்துல கப்பலுக்கு எரிபொருள் குடுக்குற ஒரு சின்ன பிரிட்டிஷ் யூனிட் இன்னிக்கும் இயங்குது. ஜெர்மனியிலயும் அப்படித்தான், 2020-க்குள்ள எல்லாரும் போறதா இருந்தவங்க சென்னலாகர் பயிற்சி மைதானத்தை விடாம வச்சுக்கிட்டாங்க.